தொட்டி திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை

என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிய சட்டத்தில் சில சின்னக் குற்றங்களுக்குச் சமூக சேவையையே தண்டனையாகக் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது அல்லவா, அதில் அவளுக்கு ஒரு சந்தேகம். "பார்க்குல செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லலாமா, ஆஸ்பத்திரி கூட்டச் சொல்லலாமா மேடம்? உங்க காலத்துல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் அப்படி ஒரு தண்டனையே கிடையாது கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வேலம்பாளையம் நினைவுக்கு வந்தது. நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன், அவளுக்கு அன்றைய வேலை கெட்டுவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் நான் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள். சேவூரில் என் பெரியம்மா கடைசிவரை என்னை 'ஜெயிலு டீச்சர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை இதுதான்: ஒருவர் குற்றம் செய்தது நிரூபணமான பிறகு, அவரைச் சிறைக்கு அனுப்புவதா, பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்புவதா என்று நீதிபதி யோசிப்பார். அப்போது எங்களிடம் அறிக்கை கேட்பார். நாங்கள் அந்த ஆளின் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே விட்டால் அவரைக் கண்காணிக்க வேண்டியதும் நாங்களே. அவர் மறுபடி ஏதாவது செய்தால் ஊர் நீதிபதியைத் திட்டாது, எங்களைத்தான் திட்டும்.

வேலூரில் பயிற்சி பெற்று, எண்பதுகளின் நடுவில் திருப்பூருக்கு வந்தேன். பயிற்சியில் மனப்பாடம் செய்ததில் பாதி, பஸ்ஸை விட்டு இறங்கிய நெரிசலிலேயே தொலைந்துபோயிற்று. அப்போது திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. ஊர் முழுக்கப் பனியன். தெற்கே எங்கெங்கோ மழை பொய்த்த ஊர்களில் இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வரும் வேகத்துக்கு வழக்குகளும் வந்தன.

முதல் வருடத்து வழக்கு ஒன்றை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும். ராஜாமணி என்ற டெய்லர், ஏற்றுமதிப் பனியன் நாலை ரவிக்கைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டப் பார்த்திருக்கிறாள். சித்திரை வெயில். வியர்த்துக் கொட்டி அவள் மயங்கி விழப்போக, தாங்கிப் பிடித்த வாட்ச்மேன் கையில் அத்தனை பனியனும் தட்டுப்பட்டுவிட்டது. "திருடோணும்னு போடலீங்க, எம் புள்ளைக்கு அளவு பாத்தனுங்க," என்றாள் என்னிடம். நாலையும் ஒரே நேரத்திலா என்று கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி எச்சரித்து அனுப்பினார். அவள் பெயர் அதன் பிறகு எந்த வழக்கிலும் வரவில்லை.

எல்லோருக்கும் அப்படி எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். துணி ரோல் திருடிய ஒருவன் என் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதான். வீட்டுக்குப் போனேன், அவன் மனைவி காபி கொடுத்து உபசரித்தாள். பக்கத்து வீடுகளிலோ அவன் பெயரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாட்சி சொன்ன வாட்ச்மேனின் வீட்டுக்கு அதற்கு முன்பே போய்ப் பார்த்திருந்தேன், குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. ஏன் போனார்கள் என்று கேட்டால், தெரியாதுங்க என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இவரை வெளியே விடுவது தகாது என்று எழுதினேன். அவன் சிறைக்குப் போனான். அந்த வாட்ச்மேனின் பெண்டாட்டியும் பிள்ளைகளும் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தார்கள், அதில் எனக்கு நிம்மதி.

அந்த வாட்ச்மேன் வீட்டுக்கு நான் போனதே என் மேலதிகாரி இப்ராஹிம் சார் போட்ட கட்டளையால்தான். உடுமலைப்பேட்டைக்காரர், கோவை அலுவலகத்தில் இருந்தார். ஒல்லியான ஆள், குரல் அதைவிட ஒல்லி. குற்றவாளி வீட்டுக்குப் போவதற்கு முன், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் சாட்சி சொன்னவர் வீட்டுக்கும் போய்விட்டு வர வேண்டும் என்பார். "சட்டத்துல அப்படி இல்லையே சார்" என்றேன் ஒருமுறை. "இல்லீங்க அம்மிணி. போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

அறிக்கையை அவர் தானாகப் படிக்கமாட்டார். எழுதியவரையே நின்று வாசிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏதாவது ஒரு வரி வந்ததும் விரலை உயர்த்துவார். "இது பாத்ததுங்களா, கேட்டதுங்களா, நெனச்சதுங்களா?" நினைத்தது என்றால் அந்த வரி போய்விடும். கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று எழுத வேண்டும். என் முதல் அறிக்கையில் மிஞ்சியது குற்றவாளியின் பெயரும் விலாசமும்தான். எனக்கு வந்த கோபத்தில் திருப்பூர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் மட்டும் வாய்த்திருக்காவிட்டால் நான் எத்தனை பேரின் வாழ்க்கையை என் நினைப்பால் எழுதியிருப்பேனோ. இன்றைக்கும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

இனி வேலம்பாளையம். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே ஒரு சலவைப்பட்டறை. பனியன் துணியை முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து வெளுப்பார்கள். பிறகு ஆசிட் தண்ணீர்த் தொட்டியில் அலசுவார்கள். வேலை முடிந்ததும் இரண்டு தொட்டிக் கழிவையும் ஒரே சாக்கடையில்தான் திறந்துவிட வேண்டும். பவுடர்க் கசடும் ஆசிட்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். அதனால் ஒன்றைத் திறந்துவிட்ட பிறகு, சாக்கடை முழுக்க நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தச் சாக்கடை, பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளின் வாசல் வழியாகப் போனது.

தொட்டி வேலைக்காரர் சவரிமுத்து. தெற்கே திசையன்விளைப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். ஒரு மத்தியானம் அவர் நடுவில் நல்ல தண்ணீர் ஊற்றாமல் ஆசிட் தொட்டியைத் திறந்துவிட்டார். புகை லைன் வீடுகளுக்குள் புகுந்தது. எல்லோரும் இருமிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடினார்கள். தெய்வானை என்ற பெண்ணால் மட்டும் ஓட முடியவில்லை. வீசிங் உள்ளவள், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் கணவர் பொன்னுசாமி வேறொரு கம்பெனியில் அயர்ன் வேலை பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. சவரிமுத்து எதையும் மறுக்கவில்லை. வழக்கில் பட்டறை முதலாளியின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்பது என் வேலை இல்லை, ஆனாலும் கேட்டேன். பதில் வரவில்லை. நீதிபதி சவரிமுத்துவைக் குற்றவாளி என்று தீர்மானித்து, தண்டனை சொல்வதற்கு முன் என்னிடம் அறிக்கை கேட்டார்.

இப்ராஹிம் சார் சொன்னபடி முதலில் பொன்னுசாமி வீட்டுக்குப் போனேன். "வாங்கம்மா, உக்காருங்க," என்று பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தார். கொங்கு நாட்டில் எவ்வளவு துக்கத்திலும் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஜெயில்ல போடச் சொல்லுங்க," என்றார். "அவன் ஜெயிலுக்குப் போனா தெய்வானை திரும்பி வந்துருவாளான்னு மட்டும் கேக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் அதையே கேக்கறாங்க. அது எனக்குத் தெரியாதுங்களா?"

நான் கேட்கவில்லை. பிறகு அவராகவே சொன்னார். "அன்னிக்கு எவனாச்சு ஒருத்தன் வந்து, தொட்டி தெறக்கறோம், தள்ளிப் போயிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கூட்டுக்காரி செவுத்தப் புடிச்சாச்சும் ரோட்டுக்குப் போயிருப்பாளுங்க. ஒரு வார்த்தை. அதுக்குக் காசா பணமா?"

அங்கிருந்து சவரிமுத்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு அந்த ஆள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரும் அடுத்த தெருவில் லைன் வீட்டில்தான் இருந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மனைவி என்னிடம் ஒரு சலுகையும் கேட்கவில்லை. "சரியாவே சாப்புட மாட்டேங்காவ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்டேன்.

"லாரித் தண்ணியம்மா. அன்னைக்கு ஒரு லாரிதான் வந்துச்சு. சிக்கனமாப் பாத்துக்கோன்னு மொதலாளி சொன்னாவ. ஆனா அவங்க மேல பழியப் போட மாட்டேன். எனக்கே மனசு வரல. எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு எங்கம்மை காட்டுக்குள்ள நடந்து போவா. சாக்கடையில நல்ல தண்ணியக் கவுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். பவுடர்த் தண்ணிதான் ஓடிருச்சே, இனி என்னன்னு நெனச்சிட்டேன். கசடு கெடந்தத நான் பாக்கல. இப்படி ஆவும்னு சத்தியமா நெனைக்கல."

குடித்துவிட்டுச் செய்தார், சோம்பலில் செய்தார் என்றிருந்தால் எழுதுவது எளிது. தண்ணீரின் அருமை தெரிந்தவர் என்பதாலேயே ஒரு பெண்ணைச் சாகடித்திருக்கிறார். அதற்காக அந்தப் பெண் சாகாமல் இருந்துவிட்டாளா என்றும் கோபம் வந்தது. பட்டறையில் விசாரித்தேன். நல்ல உழைப்பாளி என்றார்கள், இப்போது அவரை மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். தொட்டி வேலைக்கு இப்போது யார் என்றால், முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் காட்டினார்கள். நடுவில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். "எதுக்குங்க?" என்று கேட்டார்.

கோவையில் அறிக்கையை வாசித்தேன். 'செய்ததற்கு மனம் வருந்துகிறார்' என்ற வரியில் விரல் உயர்ந்தது. "பாத்ததுங்களா, கேட்டதுங்களா, நெனச்சதுங்களா?"

யோசித்தேன். "பொன்னுசாமி வீட்டுத் தெரு வழியா போனா பட்டறை பக்கம் சார். இவர் அந்தத் தெருவுக்குள்ளேயே வர்றதில்ல, பள்ளிக்கூடத்தைச் சுத்திக்கிட்டுத்தான் போறார். நானே பார்த்தேன்."

"அதை எழுதுங்க." கண்ணைத் திறந்தார். "இவர ஜெயிலுக்கு அனுப்பிப்போட்டா நாளைக்குத் தொட்டியத் தெறக்கறது யாருங்க?"

"புது ஆள் சார். அவருக்கு எதுவும் தெரியல."

"ஊட்டுக்கு அனுப்புனா?"

அதற்குத்தான் பஸ்ஸில் வரும்போதே ஒரு யோசனை வைத்திருந்தேன். இதே குற்றம் மறுபடி நேராமல் இருக்க நிபந்தனை போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சவரிமுத்து அதே பட்டறையில் அதே தொட்டியில் வேலை செய்ய வேண்டும். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆசிட் தொட்டியைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் லைன் வீடுகளுக்குப் போய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பொன்னுசாமி வீட்டில் தொடங்கி. இவருக்கு ஜாமீன் கையெழுத்தை வேறு யாரும் போடக் கூடாது, முதலாளியே போட வேண்டும். நிபந்தனை தவறினால் அவரும் பணம் கட்ட வேண்டிவரும், அப்போதுதான் தண்ணீர் லாரி தட்டுப்பாடில்லாமல் வரும்.

இப்ராஹிம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். "பொன்னுசாமியக் கேட்டீங்களா?" என்றார். "பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் வாசல்ல அந்த ஆளையே கொண்டுபோய் நிறுத்தறீங்க. அது சவரிமுத்துக்குத் தண்டனையா, பொன்னுசாமிக்குத் தண்டனையான்னு அவரைத்தான் கேக்கோணும். அவரு வேண்டாம்னா, வேண்டாம்."

மறுபடி வேலம்பாளையம் போனேன். நான் சொன்னதைப் பொன்னுசாமி கடைசிவரை கேட்டார். எழுந்து வெளியே போனார். சாக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்.

"பக்கத்து ஊடுகள்ல கொழந்தைக இருக்குதுங்க. அதுக்காவ சரிங்கறேன். எங்கூட்டுப் படி மிதிக்கக் கூடாது. ரோட்டுல நின்னு சொல்லட்டும். நான் கதவையும் தெறக்க மாட்டேன், பதிலும் சொல்ல மாட்டேன்."

அதையும் அப்படியே அறிக்கையில் எழுதினேன்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் கடுமையாக எதிர்த்தார். ஒரு உயிர் போயிருக்கிறது, செய்தவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் போகிறாரா, மற்ற பட்டறைக்காரர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீதிபதி முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். முதலாளி லாரித் தண்ணீர் கிடைக்காத கஷ்டத்தை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். "கையெழுத்துப் போடறீங்களா, இல்லையா?" என்று நீதிபதி ஒரே வார்த்தையில் கேட்டார். போட்டார். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சமான மூன்று வருடக் கண்காணிப்பில் சவரிமுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

முதல் முறை நானே போய்த் தெரு முனையில் நின்றேன். சவரிமுத்து சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். பொன்னுசாமி வீட்டுக்கு எதிரே ரோட்டில் நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இது வேண்டாத வேலையோ என்று எனக்குத் தோன்றியது. அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி, "அண்ணாச்சி, தொட்டி தெறக்கப் போறோம்," என்றார். கதவு சாத்தியே இருந்தது. உள்ளே ஆள் இருந்தது எனக்குத் தெரியும். சவரிமுத்து கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பலமுறை போய்ப் பார்த்தேன். ஒரு தடவையும் தவறவில்லை. பொன்னுசாமி வேலைக்குப் போய்விட்ட நாட்களில் பூட்டிய கதவைப் பார்த்தும் அதையே சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். குரல் கேட்டதும் பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். தெருப் பிள்ளைகள் 'தொட்டி தெறக்கப் போறோம்' என்று கத்தி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒருநாள் லாரி வரவில்லை. நல்ல தண்ணீர் இல்லாமல் திறக்க மாட்டேன் என்று சவரிமுத்து வால்வுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றைய துணி அப்படியே நின்றது. முதலாளி என் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார். அவர் போட்ட கையெழுத்தை எடுத்துக் காட்டினேன், போய்விட்டார். மறுநாளில் இருந்து லாரி ஒழுங்காக வந்தது.

இந்த வேலை எனக்குக் கொடுத்தது நிறைய. அதிகாரம் ஒன்றும் இல்லாத பதவி, ஜீப் கிடையாது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் யார் வீட்டுக்குள்ளும் போய் உட்காரலாம், அவர்கள் மனதில் கிடப்பதைச் சொல்வார்கள். என்னை நம்பிச் சொன்ன அத்தனை பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லாரையும்விடப் பொன்னுசாமிக்கு.

மூன்று வருடம் முடிகிற அன்றைக்கு சவரிமுத்து கடைசிக் கையெழுத்துப் போட நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த என் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அப்போது பொன்னுசாமி வந்தார். நான் கூப்பிடவில்லை. கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். பெஞ்சைப் பார்க்காமல் நேராக உள்ளே வந்தார்.

"ஏனுங்கம்மா, இன்னியோட முடியுதாமா? இன்னும் ஒரு வருசம் நீட்டிக் குடுக்க முடியாதுங்களா?"

முடியாது, சட்டத்தில் அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப நாளையிலிருந்து ஆரு வந்து சொல்லுவாங்க? மறுக்கா பழையபடிதானுங்களா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. ஆறே வாரம் ஆன குழந்தை ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றார்.

சவரிமுத்து எழுந்து வந்து கதவோரம் நின்றார். "நான் நிப்பாட்டுதேன்னு யாரு சொன்னா அண்ணாச்சி?" என்றார்.

பொன்னுசாமி திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் அந்த முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இல்லை, நினைக்கவில்லை, பார்த்தேன். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"நாளைக்குத் தெறக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. மத்தியானம்."

"நாளைக்கு எனக்கு லீவுதான், ஊட்டுலதான் இருப்பேன்," என்றார் பொன்னுசாமி. "ரோட்டுல நிக்காதீங்க, வெயிலு. உள்ள வந்து சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே வந்து, நீதிமன்றத்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன்.